‘அவன்’ என்ற எதிரியும் ‘இதுங்க’ என்ற எதிரியும்: ஹேலோவின் இரண்டு லெவல்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா மகன் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். போனில் பிஜிஎம்ஐ என்ற சுடும் விளையாட்டை ஆடியே வளர்ந்த பையன். கன்ட்ரோலரை அதுவரை கையில் பிடித்ததில்லை. அவனுக்கு ‘ஹேலோ: காம்பாட் இவால்வ்ட்’ என்ற சுடும் வீடியோ கேமைப் போட்டுக் கொடுத்தேன். 2001-ல் வந்தது, அவன் பிறப்பதற்கு முன்பே. முதல் மூன்று லெவல்களை இரண்டே நாளில் முடித்துவிட்டான். நான்காவது லெவல் தொடங்கும்போது அவனுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு, மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடலுக்கு மேல் தாழப் பறந்து ஒரு தீவின் கரையை நெருங்குகின்றன பெலிக்கன் விமானங்கள். வீரர்கள் மணலில் குதிக்கிறார்கள், குதித்த நொடியிலேயே சண்டை. பையன் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளினான். நீலக் கவசம் போட்ட, எலீட் என்ற வேற்றுக்கிரக எதிரியின் மேல் தோட்டாக்கள் பட்டு, அதைக் காக்கும் ஒளிக்கவசமான ஷீல்டு மின்னி அணைந்தது. அடுத்த நொடி அது பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

“மாமா, அவன் ஒளிஞ்சிக்கிட்டான்.”

“பாத்தேன்டா. இப்ப என்ன பண்ணப் போற?”

“இவங்கல்லாம் பாட்டுதானே? பாட்டு ஒளியாதே?”

‘பாட்’ என்பது போனில் ஆடும் பிள்ளைகளிடம் ஒரு வசைச்சொல். எதிரே நிற்பது ஆள் இல்லை, கம்ப்யூட்டர் ஓட்டும் பொம்மை என்று பொருள். சரியாக ஆடத் தெரியாத நண்பனையும் அப்படித்தான் திட்டுவார்கள். ஆமாம், எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்றேன். அவன் பதில் சொல்லாமல் பாறைக்குப் பின்னால் ஒரு கிரனேடை எறிந்தான். எலீட் பதறிப் பக்கவாட்டில் பாய்ந்தது. பாயும் என்று எதிர்பார்த்து துப்பாக்கியை அங்கேயே திருப்பி வைத்திருந்தவன், விழுந்ததைச் சுட்டு வீழ்த்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். “வருவான்னு தெரியும் மாமா!”

அதற்கு மூன்று நாள் கழித்து ஏழாவது லெவலுக்கு வந்தான். ‘நூலகம்’ என்று பேர். அதே துப்பாக்கிகள், அதே கன்ட்ரோலர், அதே பையன். பத்து நிமிடத்துக்குள் பேச்சு நின்றுவிட்டது. என் நோட்டில் அந்த லெவலுக்கு இரண்டே வரிகள்தான் இருக்கின்றன. ஒன்று: “இதுங்க வந்துக்கிட்டே இருக்கு மாமா.” இன்னொன்று: “இன்னும் எத்தனை மாடி?”

தீவில் ‘அவன்’. நூலகத்தில் ‘இதுங்க’. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவன் வாயில் திணை மாறிவிட்டது. ஒரு விளையாட்டு எங்கே சுவைக்கிறது, எங்கே சலிக்கிறது என்று அவனைக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க மாட்டான். இந்த ஆய்வு அந்த இரண்டு லெவல்களைப் பற்றியது. ஒரே விளையாட்டுக்குள் ஒரே கருவிகளோடு சுவை வந்ததும் போனதும் எப்படி என்று தேடிப் பார்த்ததன் பதிவு.

எங்கிருந்து வந்தது

பன்ஜி 1991-ல் சிகாகோவில் தொடங்கப்பட்ட சிறிய நிறுவனம். மேக் கம்ப்யூட்டர்களுக்கு 1994-ல் ‘மாரத்தான்’ என்ற விண்வெளிச் சுடும் விளையாட்டைக் கொடுத்தது. 1997-ல் வந்த ‘மித்’ வேறு வகை: மேலிருந்து பார்த்தபடி படைகளை நகர்த்திச் சண்டை போட வேண்டும். ஹேலோவும் முதலில் ‘மித்’ போலப் படை நடத்தும் விளையாட்டாகத்தான் தொடங்கியது. பிறகு கேமரா கீழிறங்கி ஒரு வீரனின் முதுகுக்குப் பின்னால் வந்தது. 1999 ஜூலையில் நியூயார்க்கில் மேக்வேர்ல்டு மாநாட்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை அறிமுகப்படுத்தியபோதும் அப்படித்தான் இருந்தது. 2000-ல் மைக்ரோசாஃப்ட் பன்ஜியை வாங்கியது. 2001 நவம்பர் 15 அன்று முதல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியோடு சேர்ந்து வெளியானபோது கேமரா அந்த வீரனின் கண்ணுக்குள் வந்துவிட்டிருந்தது.

இந்தப் பிறப்புக் கதையை நான் முக்கியமாக நினைக்கிறேன். அக்காலச் சுடும் விளையாட்டுகள் பெரும்பாலும் நடைபாதைகளின் வரிசை. ஹேலோவிலோ திறந்த வெளி இருக்கிறது, ஓட்டிப் போக வண்டி இருக்கிறது, தலைவனும் தொண்டர்களுமாக எதிரிக் கூட்டம் இருக்கிறது. படை விளையாட்டாகப் பிறந்ததன் மச்சம் உடம்பில் தங்கிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

விண்டோஸ் பதிப்பு 2003-ல் வந்தபோது இலவசமாகக் கொடுத்த மாதிரியில் கதை லெவல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இந்தத் தீவுதான். நானும் அதில்தான் ஹேலோவைத் தொட்டேன். முழு விளையாட்டு கைக்கு வருவதற்குள் அந்தக் கரையில் எத்தனை முறை இறங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு லெவலை மட்டும் கொடுத்துவிட்டு அதையே மாதக்கணக்கில் ஆடவைக்க முடிந்தது என்பதே ஒரு சான்று.

முப்பது நொடி என்ற பேச்சு

ஹேலோவைப் பற்றிப் பேசும் எவரும் ‘முப்பது நொடிச் சுவை’ என்ற சொல்லை இழுக்காமல் விட மாட்டார்கள். பன்ஜியின் வடிவமைப்பாளர் ஜேமி கிரீஸ்மர் சொன்னது. முப்பது நொடிக்கு ஒரு நல்ல சண்டையை உருவாக்கி, அதையே திரும்பத் திரும்ப வரச் செய்துவிட்டால் விளையாட்டு முடிந்தது என்று பலரும் இதைப் புரிந்துகொண்டார்கள். அவர் பின்னாளில் ஒரு பேட்டியில் மீதிப் பாதியையும் எடுத்துச் சொன்னார்: அந்த முப்பது நொடியை வேறு இடத்தில், வேறு ஆயுதத்தோடு, வேறு எதிரிக் கலவையோடு வைத்துக்கொண்டே போவதுதான் மொத்தக் கருத்து.

பாதியை மட்டும் கேட்டவர்களுக்கு நூலகமும் நல்ல லெவலாகத்தான் இருந்திருக்க வேண்டும். அங்கேயும் அதே முப்பது நொடி வருகிறது. நூறு தடவை வருகிறது.

கைக்குள் இருப்பது

முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

கன்ட்ரோலரில் சுடுவது சிரமம். கட்டைவிரலால் ஒரு சின்னக் குச்சியைத் தள்ளிக் குறிவைக்க வேண்டும். மௌஸின் வேகமும் நுணுக்கமும் அதில் வராது. பன்ஜி இதை ஒத்துக்கொண்டு விளையாடுபவருக்குத் தெரியாமல் உதவியது. குறி எதிரியின் மேல் வரும்போது திரும்பும் வேகம் கொஞ்சம் குறையும், குளத்தங்கரைப் பாசியில் கால் பட்டதுபோல் இல்லாமல், ஈரச் சாந்தில் விரல் பதிவதுபோல் மெல்லப் பிடித்து நிறுத்தும். எதிரி நகர்ந்தால் குறியும் கூடவே ஒரு மயிரிழை நகரும். தோட்டாவும் லேசாக வளைந்து போகும். பையன் நான்கு லெவல் ஆடியும் இதைக் கவனிக்கவில்லை. “கன்ட்ரோலர் எனக்கு நல்லா செட்டாயிருச்சு மாமா” என்றான். செட்டானது அவன் கை மட்டும் இல்லை. ஆனால் அந்தப் பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கிரனேடுக்கு ஒரு விசை, துப்பாக்கிக் கட்டையால் அடிக்க ஒரு விசை, சுட ஒரு விசை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கிரனேடைக் கையில் எடுக்கும் சடங்கு கிடையாது. நினைத்த மாத்திரத்தில் மூன்றில் எதையும் செய்யலாம். பாறைக்குப் பின்னால் எலீட் ஒதுங்கியபோது பையனுக்குக் கிடைத்தது அரை நொடி. அந்த அரை நொடியில் சுடுவதா, எறிவதா, ஓடிப்போய் அடிப்பதா என்று மூன்று வழிகள் விரல் நுனியிலேயே இருந்தன. இதைப் பெரிதாக யாரும் பாராட்டுவதில்லை. எனக்கோ ஹேலோவின் பாதி உயிர் இங்கேதான் இருக்கிறது.

வார்த்தாக் ஜீப்பும் அப்படித்தான். பார்க்கும் திசைக்கே வண்டி திரும்பும். தனியாக ஸ்டியரிங் பழக வேண்டியதில்லை. கண்ணைத் திருப்பத் தெரிந்தால் வண்டி ஓட்டத் தெரியும்.

எண்களில் இவர்கள் காட்டும் அக்கறைக்கு ஒரே ஓர் உதாரணம். மூன்றாவது ஹேலோவில் ஸ்னைப்பர் துப்பாக்கியின் இரண்டு சூட்டுக்கு இடையிலான நேரத்தை 0.5 நொடியிலிருந்து 0.7 நொடிக்கு மாற்றினார்கள். அந்த 0.2 நொடியைப் பற்றி மட்டுமே கிரீஸ்மர் 2010-ல் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் முழு உரை ஆற்றினார். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வேலை உண்டு. தொலைவை ஆளும் துப்பாக்கி கிட்டத்தையும் ஆண்டுவிட்டால் மற்ற ஆயுதங்களைக் கையிலெடுக்க யாருக்கும் காரணம் இருக்காது.

எதிரிக்கு மனசு இருப்பதாக நம்பவைப்பது

தீவின் கரைக்குத் திரும்புவோம்.

கவனன்ட் என்ற வேற்றுக்கிரகக் கூட்டணியில் நான்கு வகை எதிரிகளை இந்த விளையாட்டில் முக்கியமாகச் சந்திக்கிறோம். கிரண்ட் குள்ளமானது, பயந்தாங்கொள்ளி. ஜாக்கல் வட்டமான ஒளிக்கேடயத்துக்குப் பின்னால் பதுங்கும். எலீட் உயரமானது, நம் நாயகனைப் போலவே ஷீல்டு உள்ளது. ஹண்டர் இரண்டிரண்டாக வரும் மலை.

கூட்டத்தில் எலீட்டை முதலில் கொன்றுவிட்டால் கிரண்ட்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கி அலறிக்கொண்டு ஓடும். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்தச் சண்டையையும் பழையபடி ஆட முடியாது. தலையைத் தட்டினால் வால் கலையும் என்று தெரிந்துவிட்டது. கிரண்டை முதலில் சுட்டால் எலீட் நம்மை நெருங்க நேரம் கிடைக்கும். எலீட்டுக்குக் குறிவைத்தால் கிரண்ட்களின் பச்சைக் குண்டுகள் நம் ஷீல்டைத் தின்னும். ஒவ்வொரு கூட்டமும் ஒரு கேள்வியாக வருகிறது. அதற்கு ஒரே விடை என்று எதுவும் இல்லை.

ஹண்டர் வெகு தூரத்தில் நிற்கும்போது பையன் மிரண்டு போனான். நாலைந்து முறை செத்தான். ஆறாவது முறை அது கேடயத்தை வீசி அடிக்க ஓடிவந்தபோது தற்செயலாக ஒதுங்கினான். முதுகில் கவசம் மூடாத ஆரஞ்சுநிறச் சதை தெரிந்தது. கைத்துப்பாக்கியால் ஒரே ஒரு தோட்டா. மலை சரிந்தது. அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, திரையில் அம்புக்குறி எதுவும் வரவில்லை, அவனே கண்டுபிடித்தான். அந்த ஜோடியில் இரண்டாவதை அடிக்க அவன் போன நடையே வேறு.

கிரீஸ்மரும் நிரலாளர் கிறிஸ் புட்சரும் 2002-ல் இந்த எதிரிகளின் அறிவைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார்கள். தலைப்பிலேயே அதை ‘மாயை’ என்றுதான் அழைத்தார்கள். அதில் இரண்டு செய்திகள் என் ஆய்வுக்கு நேராக உதவுகின்றன.

முதலாவது, எதிரிக்கு எல்லாம் தெரியாதபடி வைத்திருக்கிறார்கள். கணினிக்கு நாம் நிற்கும் இடம் எப்போதும் தெரியும். எலீட்டுக்குத் தெரியாது. அது கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் வைத்தே நடந்துகொள்ளும். கடைசியாக நம்மைப் பார்த்த இடத்தை நினைவில் வைத்திருக்கும். கரையில் பையன் ஒரு பாறைக்குப் பின்னால் போய், அப்படியே குனிந்து நகர்ந்து இன்னொரு பக்கமாக வந்தான். எலீட் பழைய இடத்தையே பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தது. “ஏமாந்துட்டான்!” என்றான். ஏமாற வேண்டுமானால் ஏற்கெனவே ஒன்றை நம்பியிருக்க வேண்டும். எதையும் நம்பாத ஒன்றை ஏமாற்ற முடியாது. எதிரியை முட்டாளாக்குவதில் இவ்வளவு இன்பம் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது செய்தி இன்னும் வியப்பானது. ஆடிப்பார்க்க வந்தவர்களிடம் ஒரே அறிவுள்ள எதிரிகளை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்றில் எதிரிகள் சீக்கிரம் சாகும், இன்னொன்றில் தாக்குப்பிடிக்கும், வலுவாகவும் அடிக்கும். தாக்குப்பிடித்த எதிரிகளைத்தான் ஆடியவர்கள் அதிக புத்திசாலிகள் என்றார்கள். நிரலில் மாற்றம் கிடையாது. யோசித்தால் நியாயம் புரிகிறது: ஒளிவதும் பாய்வதும் தந்திரம் செய்வதும் கண்ணில் படவேண்டுமானால், அதற்குள் அது உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? ஒரே தோட்டாவில் செத்துப்போகும் எலீட்டுக்கு எவ்வளவு மூளை வைத்தாலும் வீண்.

எதிரி வாய் திறந்து பேசுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. கிரண்ட் பயத்தில் கத்துவதும், எலீட் உறுமுவதும் உள்ளே நடப்பதை வெளியே கொண்டுவரும் வழிகள். 1998-ல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டின் சிப்பாய்கள் ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டபோதே இந்த வித்தை தெரிந்துவிட்டது. மனசில் என்ன ஓடுகிறது என்று காட்டாத எதிரிக்கு மனசு இருந்தும் பயனில்லை.

இரண்டு துப்பாக்கி, ஒரு மூச்சு

ஹேலோவில் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் சுமக்க முடியாது. 1993-ன் ‘டூம்’ முதற்கொண்டு ஆயுதக் கடையையே முதுகில் சுமந்து பழகியவர்களுக்கு இது முதலில் எரிச்சலாக இருந்தது. எனக்கும்தான். ஆனால் ஒன்றை எடுக்க ஒன்றைப் போட வேண்டும் என்றதும் தரையில் கிடக்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் கேள்வி கேட்கிறது.

பிளாஸ்மா கைத்துப்பாக்கியைப் பாருங்கள். கிரண்ட் கையில் இருப்பது, பார்க்க அற்பமானது. பையன் மூன்று லெவலாக அதைத் தாண்டித்தான் போனான். தீவில் தோட்டா தீர்ந்து வேறு வழியில்லாமல் எடுத்தான். விசையைத் தெரியாமல் அழுத்திப் பிடித்திருந்தான். முனையில் பச்சை ஒளி திரண்டு நடுங்கியது. விட்டதும் ஒரு பெரிய உருண்டை போய் எலீட்டின் ஷீல்டை மொத்தமாகத் துடைத்தெடுத்தது. அதன் பிறகு அந்தத் துப்பாக்கியை அவன் விட்டதே இல்லை. ஒளியாயுதம் ஷீல்டைக் கரைக்கும், தோட்டா உடம்பைத் துளைக்கும். சுமக்கும் இரண்டில் ஒன்று அது, இன்னொன்று இது என்று ஜோடி சேர்ப்பதே தனிக் கணக்கு.

ஷீல்டு இந்த விளையாட்டின் மூச்சு. அடிபட அடிபடக் குறையும், தீர்ந்ததும் எச்சரிக்கை ஒலி கதறும். சில நொடி அடிபடாமல் ஒதுங்கி நின்றால் நீரூற்று போல மேலேறும். அதற்குக் கீழே ஆறாத உடல்நலம் தனியாக உண்டு. அதை மருந்துப் பெட்டியால் மட்டுமே சரிசெய்ய முடியும். ஒதுங்கும் அந்தச் சில நொடிகளில் விரல் ஓய்ந்து புத்தி ஓடுகிறது: எத்தனை பேர் மிச்சம், என்ன தோட்டா இருக்கிறது, எந்தப் பக்கமாகப் போகலாம். பின்னால் வந்த பல விளையாட்டுகள் இந்த மூச்சை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொண்டு போய், சுவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருப்பதையே முழுநேர வேலையாக்கின. ஹேலோவில் அப்படிக் குந்தியிருக்க முடியாது. கிரனேடு வந்து விழும். எலீட்டின் ஷீல்டும் அதே நேரத்தில் ஊறிக்கொண்டிருக்கும். நாம் மூச்சு வாங்கும்போது எதிரியும் மூச்சு வாங்குகிறான் என்பதால்தான் அந்த ஓய்வுக்குள் பதற்றம் இருக்கிறது.

நூலகம்

ஏழாவது லெவலில் கவனன்ட் கூட்டம் ஒருவர்கூட இல்லை. ஃப்ளட் என்ற ஒட்டுண்ணி இனம் மட்டும்தான். வீரர்களின் உடலிலும் எலீட்களின் உடலிலும் புகுந்து அவற்றையே ஆட்டுவிக்கும் நோய். மிதக்கும் ஓர் இயந்திரக்கோளம் ராகம் முணுமுணுத்துக்கொண்டே வழிகாட்ட, ஒன்றுபோல் இருக்கும் கூடங்களை மாடி மாடியாகக் கடக்க வேண்டும். கதவு திறக்கும்வரை நின்று சமாளிக்க வேண்டும். பிறகு அடுத்த கதவு.

நியாயமாகச் சொல்வதென்றால் ஃப்ளட் முதன்முதலில் வரும் ஆறாவது லெவல் அருமையானது. சதுப்பு நிலம், மூடுபனி, ஆள் அரவமில்லாத கட்டடம், செத்துக் கிடக்கும் எலீட்கள். எதிரியே எதற்கோ பயந்து ஓடியிருக்கிறான் என்று உணரும்போது முதுகில் ஊரும் குளிர் இன்றும் எனக்கு மாறவில்லை. அங்கே ஃப்ளட் ஒரு செய்தி. நூலகத்தில் அது வேலையாகிவிட்டது.

ஃப்ளட்டுக்குப் பயம் கிடையாது. அதனால் அதை விரட்ட முடியாது. தலைவன் கிடையாது, அதனால் யாரை முதலில் அடிப்பது என்ற கேள்வி இல்லை. ஒளியத் தெரியாது. நேராக ஓடிவரும், தாவும், அடிக்கும். ஸ்னைப்பர் தோட்டா அதன் உடலில் வீணாகப் போகும். இருப்பதில் ஷாட்கன்தான் தோது என்று தெரிந்ததும் தரையில் கிடக்கும் மற்ற ஆயுதங்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகின்றன. இடமும் உதவவில்லை. தீவில் இடப்பக்கமாகவும் சுற்றலாம், வலப்பக்கமாகவும் சுற்றலாம், ஜீப்பிலும் போகலாம், நடந்தும் போகலாம். நூலகத்தில் முன்னால் போகலாம்.

பையனின் கையைக் கவனித்தேன். தீவைவிட நூலகத்தில் அவன் நன்றாகச் சுட்டான். பழகிவிட்டிருந்தான். வேகமாகவும் கொன்றான். சுடுவதில்தான் சுவை என்றால் அன்றைக்கு அவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நாற்காலியில் சரிந்து, ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, சோறு பிசைவதுபோல் ஆடிக்கொண்டிருந்தான்.

எட்டாவது லெவலில் இதே ஃப்ளட் மறுபடி வருகிறது, ஆனால் கவனன்ட் கூட்டத்தோடு சண்டை போட்டுக்கொண்டு. நாம் கடந்துவந்த பனிப் பள்ளத்தாக்கையே தலைகீழாகத் திரும்பக் கடக்கும் லெவல் அது. புதிதாகக் கட்ட நேரமில்லாமல் பழைய இடத்தையே திருப்பிக் கொடுத்தார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. பையன் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு மேட்டில் நின்று பார்த்தபடி, “இதுங்க அவனுங்கள முடிக்கட்டும் மாமா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றான். இடம் பழசு, எதிரிகளும் பழசு. ஆனால் யோசிக்க ஏதோ இருந்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு திணையும் வந்ததை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

படம் அழகாவதால் என்ன கூடியது

2011-ல் இந்த விளையாட்டைப் புதிய படங்களோடு மறுபடி வெளியிட்டார்கள். பையன் ஆடியதும் அதைத்தான். அதில் ஒரே விசையில் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறலாம், ஆட்டம் அடியில் அப்படியே ஓடும். ஆய்வு செய்பவனுக்கு இதைவிடப் பெரிய வசதி வேண்டுமா? சண்டைக்கு நடுவே மாற்றி மாற்றிப் பார்க்கச் சொன்னேன். தீவின் கடல் புதியதில் அழகாக இருக்கிறது. ஆனாலும் இரண்டாம் நாளுக்குப் பிறகு அவன் அந்த விசையைத் தொடவில்லை. நூலகத்தில் அதைத் தட்டிக்கொண்டே இருந்தான், வேறெதுவும் செய்ய இல்லாததால்.

ஆறாவது லெவலின் சதுப்பு நிலம் புதிய படத்தில் வெளிச்சமாகிவிட்டது. தூரத்து மரங்கள்கூடத் தெரிகின்றன. பழையதில் எதுவும் தெரியாது. பழையதுதான் நல்லது.

அறிவியல் புனைவு இதில் செய்யும் வேலை

வேற்றுக்கிரகம், வளைய உலகம் என்பதெல்லாம் கதைக்கான ஜோடனை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கதை நடக்கும், 10,000 கிலோமீட்டர் விட்டமுள்ள அந்த வளையம் வானத்தில் வளைந்தேறி மறைவதை முதல்முறை பார்த்தபோது கிடைத்த பிரமிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது செய்யும் பெரிய வேலை வேறு.

உலகப்போர் விளையாட்டில் தோட்டா கண்ணுக்குத் தெரியாது, சுட்டதும் பட்டுவிடும். பிளாஸ்மா குண்டு மெதுவாக, நிறத்தோடு, பார்த்து விலகும் வேகத்தில் வருகிறது. மனிதச் சிப்பாயின் உடம்பில் இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எலீட்டின் ஷீல்டு அடிபடும்போது மின்னுகிறது, உடையும்போது வெடித்து அணைகிறது. நீலக் கவசத்தைவிடச் சிவப்புக் கவசம் கடினமானது, பொன்னிறம் வந்தால் ஓடு. மனிதர்களின் பொருட்கள் சாம்பலும் பச்சையுமாகக் கோணல் கோணலாக இருக்கும், கவனன்ட் பொருட்கள் ஊதாநிறத்தில் வளைவாக இருக்கும். ஒரு பார்வையில் யார், எவ்வளவு தூரம், எவ்வளவு ஆபத்து என்று படித்துவிடலாம். சண்டையின் விதிகளைக் கண்ணுக்குத் தெரியும்படி வெளியில் வைக்கும் உரிமையைப் புனைவுதான் கொடுக்கிறது. அது இல்லாமல் அந்த அரை நொடி முடிவு குருட்டாம்போக்காகிவிடும்.

மூளையில்லாத எதிரிக் கூட்டத்தை வைத்தே இன்பம் தரும் விளையாட்டுகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ‘டூம்’ வகையில் எதிரிகள் நேராகத்தான் வருகிறார்கள். அங்கே நாயகன் காற்றாய்ப் பறக்கிறான், பத்துப் பேருக்கு நடுவில் புகுந்து வெளியே வருவதே ஆட்டம், அடுத்து எங்கே கால் வைப்பது என்பதுதான் முடிவு. ஹேலோவின் நாயகன் கனமாக நடக்கிறான், நிதானமாகத் தாவுகிறான். அந்த உடம்போடு ‘டூம்’ கூட்டத்தை எதிர்கொள்ளச் சொன்னதுதான் நூலகத்தில் நடந்த பிழை.

ஒரே ஒரு பையனைப் பார்த்து எழுதியது இது. அவன் போன் விளையாட்டில் நிஜ மனிதர்களோடு மோதிப் பழகியவன் என்பதால் எதிரியிடம் அதிகம் எதிர்பார்த்திருக்கலாம். நூலகத்தை விரும்பி ஆடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டைக்கு நான் வரவில்லை.

லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவனாகவே தீவு லெவலை மறுபடி எடுத்தான். இந்த முறை கடினத்தை ‘ஹீரோயிக்’ என்று ஒரு படி ஏற்றி வைத்தான். எலீட்டின் நிரல் அப்படியேதான் இருக்கும். ஷீல்டு மட்டும் இன்னும் தாங்கும், அடி இன்னும் வலிக்கும். கரையில் இறங்கி, போன முறை போன பாறைப் பக்கம் போகாமல் வலப்பக்கம் திரும்பினான். கிரனேடு எறிந்தான். எலீட் விலகிப் பாய்ந்தது, எழுந்தது, இன்னும் சாகவில்லை, நேராக வந்து அவனை அடித்துப் போட்டது. திரை அணைந்து மீண்டும் கரையில் ஒளிர்ந்தது.

“மாமா, இவன் போன தடவய விட புத்திசாலி ஆயிட்டான்.”

சொல்லிக்கொண்டே மறுபடி மணலில் குதித்தான்.